நூலண்ணை நீதிபதிக்கு இடியப்பம் கொடுத்த கதை

ஜெர்மனியில் வழக்கு நடுவில் நிற்கும்போது நீதிபதி மாறுவது புதுமையில்லை. நோய், ஓய்வு, பிரசவம் என்று எத்தனையோ காரணங்கள். ஆனால் இடியப்பத்தால் ஒரு நீதிபதியை மாறவைத்தவர் இந்த நாட்டில் ஒருவர்தான், அவர் எங்கள் நூலண்ணை. அந்த இடியப்பம் பரிமாறப்பட்டபோது நான் அவருக்குப் பக்கத்து இருக்கையில் இருந்தேன். அந்த இருக்கைக்கு அடியில் என்னைப் போல ஒரு நடுத்தர வயதுப் பெண் புகுந்து ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இல்லை.

அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. நாங்கள் இருக்கும் வுப்பர்டாலில் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் அவருடைய மனைவியே கொஞ்சம் யோசித்துத்தான் "ஓம், எங்கட ஆள்தான்" என்பார். இடியப்ப இழையை அவர் நூல் என்றுதான் சொல்லுவார். யார் இடியப்பம் சாப்பிட்டாலும் எதிரில் வந்து நின்று ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "நூல் எப்பிடி?"

கேள்விக்கு இடம் பொருள் ஏவல் கிடையாது. கோயில் திருவிழாவில் கேட்பார், பிறந்தநாள் விழாவில் கேட்பார். ஒரு செத்தவீட்டின் முப்பத்தோராம் நாள் சாப்பாட்டில், கணவனை இழந்து கண் வீங்கியிருந்த அக்காவிடமும் கேட்டார். அந்த அக்கா அழுகையை நிறுத்திவிட்டு, "கொஞ்சம் தடிப்பு அண்ணை" என்றார். "அதுதான் நானும் பாத்தனான்" என்று இவர் தலையாட்டிவிட்டு அடுத்த பந்திக்குப் போய்விட்டார்.

மற்ற ஆண்கள் சட்டைப் பையில் பேனா வைத்திருப்பார்கள். இவர் தடிப்பு அளக்கும் வேர்னியர் கருவி வைத்திருந்தார். டோர்ட்மண்டில் ஒரு கலியாணம். மாப்பிள்ளை வீட்டார் பந்தியில் இருக்க, இவர் ஒரு இடியப்பத்தைத் தூக்கி விளக்கு வெளிச்சத்தில் பிடித்து, கருவியால் நடுவையும் ஓரத்தையும் அளந்து, பெண்ணின் தகப்பனைக் கூப்பிட்டார். "நடுவிலை தடிப்பு, ஓரத்திலை மெலிவு. உங்கட உரல் சரியில்லை." மாப்பிள்ளையின் சித்தப்பாவுக்கு அரைகுறையாகத்தான் காதில் விழுந்தது. பெண் வீட்டில் ஏதோ சரியில்லையாம் என்று மேசைக்கு மேசை கதை போய், நல்லகாலம், அதற்கு முன்னமே தாலி கட்டியாயிற்று என்று சமாளித்தார்கள். அன்று அவரைக் காரில் கூட்டிக்கொண்டு போனவள் நான். மண்டபத்தின் பின் வாசலால்தான் வெளியே வந்தேன்.

நான் மொழிபெயர்ப்பாளர். ஆஸ்பத்திரி, வெளிநாட்டவர் அலுவலகம், நீதிமன்றம் என்று எங்கள் ஆட்களோடு போய் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் இருந்து, முகத்தில் எதையும் காட்டாமல் பேசுவது என் தொழில். நூலண்ணையோடு போகும் நாட்களில் மட்டும் முகம் என் சொல் கேட்காது.

அவர் பிளாஸ்டிக் குழாய் செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். உருகிய பிளாஸ்டிக்கைத் துளைத்தட்டு வழியாக அழுத்தும்போது நடுத்துளையால் அது பாய்ந்து வரும், ஓரத்துத் துளையால் சோம்பிச் சோம்பி வரும். அரிசிமாவுக்கும் அதே குணம்தான் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. வீட்டுக்குக் கீழே கெல்லரில் உட்கார்ந்து பல தட்டுகளைக் கடைந்து, கடைசியில் ஒன்றைச் செய்தார். நடுவில் துளைகள் ஆழம் கூட, ஓரத்துக்குப் போகப் போக ஆழம் குறைவு. ஆழத் துளையில் மாவு உரசி உரசி மெதுவாக வரும். அதனால் எல்லா நூலும் ஒன்றாகவே இறங்கும். இதற்குக் காப்புரிமையும் கிடைத்தது. டோர்ட்மண்டில் ஒரு சின்னப் பட்டறை அவரிடம் அனுமதி பெற்று இடியப்ப இயந்திரம் செய்து விற்கத் தொடங்கியது.

பிறகு ஒரு பெரிய சமையல் கருவி நிறுவனம் அரிசி நூடுல்ஸ் இயந்திரம் ஒன்றை இறக்கியது. உள்ளே அதே தட்டு. பட்டறைக்காரரும் நூலண்ணையும் சேர்ந்து ஹம்பேர்க்கில் இருக்கும் ஐரோப்பியக் காப்புரிமை நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். நிறுவனம் திருப்பி அடித்தது: இந்தக் காப்புரிமையே செல்லாது, இது பழைய யோசனை, "எல்லா இழையும் சீராக" என்று எழுதியிருப்பதற்கு அர்த்தமே இல்லை.

காப்புரிமையே செல்லுமா என்ற கேள்வி வந்தால், சட்டம் படித்த மூன்று நீதிபதிகளோடு, தொழில்நுட்பம் படித்த ஒரு நீதிபதியையும் சேர்த்து உட்காரவைப்பார்கள். அப்படி வந்தவர் வெள்ளை மீசை வைத்த, மெலிந்த, வயதான இயந்திரப் பொறியியலாளர். மூன்ஸ்டரில் அவருக்குச் சொந்த அலுவலகம். நீதிபதி வேலை பகுதி நேரம். மற்ற மூவரும் கடதாசியைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் தட்டைக் கையில் எடுத்து, கண்ணுக்கு நேரே பிடித்து, ஒரு துளையால் ஊதிப் பார்த்தார்.

நூலண்ணை என் கையைக் கிள்ளினார். "பாத்தீரோ பிள்ளை? ஊதினவர்." காதலில் விழுந்த குரல் அது.

அன்று விசாரணை முடியவில்லை. எதிர்த்தரப்பு இயந்திரத்தையும் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும் என்று இன்னொரு நாளுக்கு டெர்மின் கொடுத்தார்கள். எங்கள் வக்கீல் ஒரு நெட்டையான ஜெர்மன்காரி. சிரிப்பை அளவாகச் செலவழிப்பவர். வாசலில் வைத்து, "இன்றைக்கு நன்றாகப் போனது. தயவுசெய்து ஒன்றும் செய்யாமல் வீட்டுக்குப் போங்கள்" என்றார். அப்போது அதை நான் ஒரு வழியனுப்பும் வார்த்தை என்று நினைத்தேன்.

வீட்டுக்குப் போக ரயில் ஏறினோம். ஆறு பேர் இருக்கும் பழைய காலத்துப் பெட்டி. எங்களுக்கு எதிரே ஒரு இருக்கை முன்பதிவு செய்யப்பட்டு வெறுமையாக இருந்தது. வண்டி புறப்படும் நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு வந்தவர் வெள்ளை மீசைக்காரர். எங்களைப் பார்த்தார். தன் இருக்கை எண்ணைப் பார்த்தார். மறுபடியும் எங்களைப் பார்த்தார். பிறகு மிகவும் மரியாதையாகத் தலையைக் குனிந்து, கதவைச் சாத்திவிட்டு, நடைபாதையில் போய் ஜன்னலைப் பார்த்தபடி நின்றுகொண்டார்.

"ஏன் பிள்ளை அந்த மனுசன் நிக்கிறார்?"

"வழக்கு நடக்கேக்கை எங்களோடை இருக்கக் கூடாது அண்ணை. அவரின்ரை மரியாதைக்கு அதுதான் சரி."

"அவரின்ரை முழங்காலுக்குச் சரியில்லையே."

பிறேமனைத் தாண்டியும் நீதிபதி நின்றார். ஒரு காலை மாற்றி மறு காலில் நின்றார். நூலண்ணை பெருமூச்சு விட்டுக்கொண்டே இருந்தார். பிறகு ஒரு வெட்ட வெளியில் ரயிலும் நின்றது. முன்னால் தண்டவாளத்தில் ஏதோ கோளாறு என்று அறிவித்தார்கள், சிறிது நேரத்தில் வெப்பமூட்டி நின்றுபோய்விட்டது என்றார்கள், அதற்குப் பிறகு உணவுப் பெட்டியில் எல்லாம் முடிந்துவிட்டது என்றார்கள். கடைசியில் நூலண்ணை எழுந்துபோய்க் கதவைத் திறந்து, தன் தொழிற்சாலை ஜெர்மனில், "இருக்கை உங்களுடையது. நான் வாய் திறக்க மாட்டேன்" என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். நீதிபதி உட்கார்ந்தார். "வழக்கைப் பற்றி ஒரு சொல்லும் பேச முடியாது. மன்னிக்க வேண்டும்" என்றார். நூலண்ணை உதட்டில் விரலை வைத்துக் காட்டினார்.

வாயைத்தான் அவர் மூடினார். சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்துவிட்டார். நீதிமன்றத்தில் காட்டுவதற்கென்று அவருடைய இயந்திரத்திலேயே பிழிந்து, காட்டச் சந்தர்ப்பம் கிடைக்காமல் திரும்பி வந்துகொண்டிருந்த இடியப்பம். ஒரு போத்தலில் சொதி. இன்னொரு சின்னப் பெட்டியில் சம்பல்.

"அண்ணை, வேண்டாம்," என்றேன் தமிழில், பல்லைக் கடித்துக்கொண்டு.

"பசிச்ச மனுசனுக்கு முன்னாலை நான் மட்டும் சாப்பிட ஏலுமோ?"

"அப்ப நீங்களும் சாப்பிடாதையுங்கோ."

"எனக்கும் பசிக்குதே."

நீதிபதி முதல் தடவை மறுத்தார். இரண்டாம் தடவை மறுக்கும்போது அவருடைய வயிறு பெட்டி முழுக்கக் கேட்கும்படி ஒரு சத்தம் போட்டது. பக்கத்தில் இருந்த ஒரு மாணவி புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவர் மறுக்கவில்லை. சம்பல் உறைப்பில் மீசை நனைய, கண் கலங்க, சொதியைக் குழைத்துக் குழைத்துச் சாப்பிட்டார். நூலண்ணை மறுபடியும் போட்டார். அதையும் சாப்பிட்டார். நான் ஜன்னலுக்கு வெளியே ஒரு மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் அந்த மாடாக இருந்திருந்தால் நல்லது என்று தோன்றியது.

அதோடு விட்டிருந்தாலும் ஒருவேளை தப்பியிருப்போம். நீதிபதி கைக்குட்டையால் மீசையைத் துடைத்தபோது, நூலண்ணை தன்னை மறந்து முன்னால் குனிந்தார். அவருடைய ஜெர்மனில் அந்தக் கேள்விக்கு மட்டும் ஒரு இலக்கணப் பிழையும் வராது.

"நூல் எப்படி?"

நீதிபதியும் தன்னை மறந்தார். நல்ல சாப்பாடு சாப்பிட்ட எந்த மனிதரும் சொல்வது போல, மனம் நிறைந்து சொன்னார்: "மிகவும் சீராக இருக்கிறது."

இழைகள் சீராக இருக்கின்றனவா, சீர் என்றால் என்ன என்பதுதான் வழக்கே. நீதிபதியின் கையிலிருந்த கைக்குட்டை மீசையிலேயே நின்றுவிட்டது. அவர் முகம் மெல்ல மெல்லச் சிவந்ததை நான் பார்த்தேன். எழுந்தார். நன்றி சொன்னார். தன் கோட்டை எடுத்துக்கொண்டு நடைபாதைக்குப் போய், மூன்ஸ்டர் வரும்வரை எங்களுக்கு முதுகைக் காட்டியபடி நின்றார்.

நூலண்ணைக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்ன பிள்ளை, உறைச்சிட்டுதோ?"

அந்த வாரமே வக்கீலிடமிருந்து அழைப்பு வந்தது. நான் ஒலிபெருக்கியில் போட்டேன். "ஒரு கேள்வி," என்றார் வக்கீல். "நீங்கள் நீதிபதிக்குச் சாப்பாடு கொடுத்தீர்களா?"

நான் மொழிபெயர்த்தேன். நூலண்ணை, "ஓம்" என்றார்.

"என்ன சாப்பாடு?"

"இடியப்பம்."

"வழக்கில் இருக்கும் இடியப்பமா?"

"ஓம். அதேதான்."

"அதாவது சான்றுப் பொருள்." வக்கீலின் குரல் எங்கோ தூரத்திலிருந்து வந்தது. "நீதிபதி சான்றுப் பொருளைச் சாப்பிட்டிருக்கிறார்."

"ரெண்டாந்தரமும் வாங்கிச் சாப்பிட்டவர்," என்றார் நூலண்ணை பெருமையாக. அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

நீதிபதி தானாகவே எல்லாவற்றையும் நீதிமன்றத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தார். சாப்பிட்டதை எழுதினார், சொன்ன சொல்லையும் எழுதினார். இனி இந்த வழக்கில் தான் இருப்பது நியாயமாகத் தெரியாது என்று விலக அனுமதி கேட்டார். எதிர்த்தரப்புக்கும் அந்த அறிவிப்பு போனது. நீதிமன்றத் தலைவர் அவரை விடுவித்து, அவர் இடத்துக்கு வேறொரு தொழில்நுட்ப நீதிபதியை நியமித்தார். விசாரணையை முதலிலிருந்து நடத்த வேண்டும்.

இதெல்லாவற்றையும் நான் தமிழில் விளக்கிச் சொல்லி முடித்தபோது நூலண்ணை கதிரையில் சின்னதாகிப் போயிருந்தார். "என்னாலை அந்த மனுசனுக்கு வேலை போட்டுதோ?"

"வேலை போகேல்லை அண்ணை. இந்த ஒரு வழக்கிலை இருந்துதான் விலத்தினவர். மற்ற வழக்கெல்லாம் பாக்கிறார்."

"விலத்தினது எண்டா விலத்தினதுதானே. ஆர் கேட்டாலும் ஏன் எண்டு சொல்லோணும். அந்தாள் இடியப்பம் திண்டதாலை எண்டு சொல்லோணும்." முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். "எனக்கு வெக்கமாக் கிடக்கு பிள்ளை."

மூடி மறைக்கத் தெரிந்த மனிதராக இருந்தால் கதை அதோடு நின்றிருக்கும். இவர் தாங்க முடியாமல் ஊர் முழுக்கத் தானே சொன்னார். ஊர் அதைத் தன் விருப்பத்துக்கு மாற்றிக்கொண்டது. கடையில் மரவள்ளிக்கிழங்கு பொறுக்கிக்கொண்டிருந்த ஒருவர் என் முன்னாலேயே, "அண்ணை, மகன்ரை குடியுரிமைக்கு எழுதிப் போட்ட அன்ட்ராக் இழுபட்டுக்கொண்டு கிடக்கு. ஒரு பெட்டி இடியப்பம் குடுத்துப் பாப்பமோ?" என்றார். கடை முழுக்கச் சிரித்தது. டோர்ட்மண்டில் இடியப்பம் கொடுத்து நீதிபதியை வாங்கினவர் என்றே பேச்சு. நூலண்ணை எடுத்த சாமான்களை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கடை அடுக்கில் வைத்துவிட்டு வெளியே போனார்.

அதற்குப் பிறகு அவர் அந்தக் கேள்வியைக் கேட்பதை நிறுத்தினார். ஒரு பிறந்தநாள் விழாவில் எல்லோரும் இடியப்பம் சாப்பிட்டோம். அவர் மூலையில் குனிந்தபடி தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டைப் பை வெறுமையாக இருந்தது. வீட்டுக்கார அக்கா பொறுக்க முடியாமல் தானாகவே கிட்டப் போய், "அண்ணை, நூல் எப்பிடி?" என்றார். "நல்லாயிருக்கு" என்றார் அவர், பார்க்காமலே. அந்த இடியப்பம் நல்லாவே இல்லை. அதுதான் எங்களைப் பயப்படுத்தியது.

நீதிபதிக்கு மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுத வேண்டும் என்று என்னை அரித்தெடுத்தார். வக்கீல் கேட்டதும் அலறாத குறையாக, "வழக்கு முற்றாக முடியும்வரை ஒரு தபாலட்டைகூட வேண்டாம்" என்றார்.

இரண்டாம் விசாரணைக்குப் போனோம். இந்த முறை சாப்பாட்டுப் பெட்டி இல்லை. ஒரு வாழைப்பழம்கூட எடுத்துவரவில்லை, யாரும் பசியோடு எதிர்ப்பட்டால் என்ன செய்வது என்று. புதிய தொழில்நுட்ப நீதிபதி ஒரு பெண். கூரான மூக்கு, அதைவிடக் கூரான கேள்விகள். தட்டை ஊதிப் பார்க்கவில்லை. இரண்டு இயந்திரங்களையும் ஓடவிட்டு, இழைகளைத் தானே அளந்தார். "சீர் என்றால் எவ்வளவு சீர்? எங்கே சீர் முடிந்து சீரின்மை தொடங்குகிறது?" என்று எங்கள் வக்கீலைக் குடைந்தெடுத்தார். வக்கீலின் நெற்றியில் அன்றுதான் முதல் முறையாக வியர்வை கண்டேன்.

முடிவில் தலைமை நீதிபதி, யாருக்கும் ஏதும் சொல்ல இருக்கிறதா என்று கேட்டார். நூலண்ணை எழுந்தார். வக்கீல் அவருடைய கோட்டின் நுனியைப் பிடித்து இழுத்தார். கோட்டு வந்தது, அவர் வரவில்லை.

"தட்டைப் பற்றி இல்லை," என்று தமிழில் தொடங்கினார். நான் மொழிபெயர்த்தேன். "முந்தி இதிலை இருந்த ஐயா பிழை ஒண்டும் செய்யேல்லை. அவர் எங்களோடை இருக்காமல் எழும்பி நிண்டவர். நான்தான் கூப்பிட்டனான். பசியிலை சாப்பிட்டவர். நான்தான் நூல் எப்பிடி எண்டு கேட்டனான். அவரைப் பற்றி எழுதி வைச்சிருக்கிறதிலை இதையும் எழுதி வையுங்கோ."

எதிர்த்தரப்பு வக்கீல்கள் மேசையைப் பார்த்தார்கள். தலைமை நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "அவர் பிழை செய்ததாக இங்கே யாரும் எழுதவில்லை," என்றார் மெதுவாக. "அவரே வந்து சொன்னார். அதனால்தான் அவரை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் நீங்கள் சொன்னதையும் பதிவு செய்கிறோம்." எழுதுபவரைப் பார்த்துத் தலையசைத்தார்.

நாங்கள் வென்றோம். காப்புரிமையைக் கொஞ்சம் சுருக்கி, சீர் என்பதற்கு அந்தப் பெண் நீதிபதி ஒரு எல்லை வகுத்து, அந்த எல்லைக்குள் அது செல்லும் என்றார்கள். பெரிய நிறுவனம் அந்தத் தட்டோடு இனி விற்கக் கூடாது. பட்டறைக்காரர் டோர்ட்மண்டிலிருந்து கேக் கொண்டுவந்தார். நூலண்ணை ஒரு துண்டை வாங்கி வைத்துக்கொண்டு, "மேன்முறையீட்டுக்கு எவ்வளவு நாள் குடுத்திருக்கினம்?" என்று மட்டும் கேட்டார். மேன்முறையீடு ஏதும் வராமல் அந்தக் கெடு முடிந்த மறுநாள் காலையில் என் வீட்டு மணியை அடித்தார். "இப்ப போகலாம்தானே? மூன்ஸ்டருக்கு ஒரு டெர்மின் எடுத்துத் தாரும்."

பழைய நீதிபதியின் அலுவலகம் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் இருந்தது. ரயில் முழுக்க நூலண்ணை ஒரு ஜெர்மன் வசனத்தைப் பாடமாக்கிக்கொண்டு வந்தார். கதவு திறந்ததும் அது பறந்துவிட்டது. கையைக் கட்டிக்கொண்டு, "ஐயா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றார் தமிழில். நான் சொல்வதற்கு முன்னமே கிழவருக்கு விளங்கிவிட்டது. மீசைக்கு மேலே முகம் சிவந்தது.

"சாப்பிட்டதற்கு நான் வெட்கப்படவில்லை," என்றார் அவர். "பசித்தது. கருத்துச் சொன்னேனே, அதற்குத்தான். இளம் ஆட்களுக்கு நானே வகுப்பு எடுக்கிற விதி அது. என் மனைவிக்குக்கூட நெடுநாள் சொல்லவில்லை."

இரண்டு கிழவர்களும் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாமல் வாசலில் நின்றார்கள். கீழே இருந்து பாண் வாசம் வந்தது. நான் தொண்டையைக் கனைத்து, உள்ளே போகலாமா என்று கேட்டேன். கோப்பி குடித்தோம். எழும்பும்போது நூலண்ணை கேட்டே விட்டார்: "ஐயா இருந்திருந்தாலும் எனக்குத்தானே தீர்ப்பு?"

கிழவர் தன் கோப்பையைக் கீழே வைத்தார். "கருத்துச் சொல்வதை நான் நிறுத்திவிட்டேன்," என்றார். "ஆனால் நான் விலகியது உங்களுக்கு நல்லதாகப் போயிற்று. இவ்வளவுதான் சொல்லலாம்."

படியிறங்கிப் பாதிவழியில் நூலண்ணை நின்றுவிட்டார். "பிள்ளை, அப்ப அந்தாள் எனக்கு எதிராத்தான் எழுதியிருப்பார்."

"அப்பிடித்தான் விளங்குது அண்ணை." அவர் உடைந்துவிடுவாரோ என்று கைப்பிடிக் கம்பியை இறுக்கிப் பிடித்தேன்.

"இடியப்பத்தைத் திண்டு, சீரா இருக்கு எண்டும் சொல்லிப்போட்டு, எதிரா எழுதியிருப்பார்." அவர் முகம் விரிந்துகொண்டே போனது. "என்ன மாதிரி மனுசன் பாரும். வாங்க ஏலாத மனுசன். இதை நான் டோர்ட்மண்டிலை எல்லாருக்கும் சொல்லோணும்."

வழக்கு வென்ற அன்று சிரிக்காத மனிதர், தோற்றிருப்பார் என்று தெரிந்த அன்று நிலையம்வரை தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தார். வழியில் போனவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள், நான் கவனிக்கவில்லை. இந்த மனிதரோடு வெளியே போக வெட்கப்பட்ட காலம் ஒன்று எனக்கு இருந்தது. இப்போதெல்லாம் ஒரு வாரம் அவர் எங்கேயும் கூப்பிடாவிட்டால், நானே எடுத்து, "அண்ணை, சுகமோ?" என்று கேட்கிறேன்.